வைகறைக்கு எஞ்சும் வெந்நீர்

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவியொருத்தி, ஞாயிற்றின் வெப்பத்தைத் தேக்கிவைக்கும் தாங்கிகளைப் பற்றியும் அத்தாங்கிகளைக் கணனியிற் கணித்துப் பார்க்கும் முறையைப் பற்றியும் எழுதப் புகுவது இவ்விதழின் வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். பொறியியற் பீடத்தார் எழுதவேண்டியதை இவள் ஏன் எழுதுகிறாள் என்று வினவுவாரும் இருப்பர். சமன்பாடுகளை அவர்களே செவ்வனே எழுதுவர். அதிற் குறுக்கிட எனக்குத் தகுதியில்லை. ஆனால் அச்சமன்பாடுகளுக்குள்ளே மனிதர் நுழையும் வாயில் ஒன்று உண்டு. அவ்வாயிலில் இரண்டு கிழமை நான் ஒரு கொப்பியுடன் காவல் இருந்தேன். அங்குக் கண்டவற்றையே இங்குச் சொல்லப்போகிறேன்.

பெரியம்மாவின் வீடு கல்கிசையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிறது. மலையகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்த நாள் முதலாக அங்குதான் தங்கியிருக்கிறேன். கடற்காற்றின் உப்பு சாளரக் கம்பிகளையெல்லாம் தின்றுவிடும் அவ்வீட்டின் கூரைமீது மூன்று சதுர மீற்றர் பரப்புள்ள கரிய தட்டொன்றும், அதன் தலைமாட்டில் 200 லீற்றர் கொள்ளும் தாங்கியொன்றும் உள்ளன. தட்டினுள்ளே குழாய்களில் நிற்கும் நீர் வெயிலிற் சூடேறுகிறது. சூடேறிய நீர் இலேசாகித் தானே மேலெழுந்து தாங்கிக்குட் புகுகிறது. தாங்கியின் அடியிலுள்ள தண்ணீர் அதன் இடத்துக்கு இறங்குகிறது. பம்பி வேண்டியதில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டில் இருந்த பெரியம்மாவின் மகன், தம் ஆய்வுக்கு வேறெங்கும் அலையாமல் தம் வீட்டுக் கூரையையே எடுத்துக்கொண்டார். அத்தட்டையும் தாங்கியையும் கணனியில் எண்களாக அமைத்து, ஆண்டு முழுவதும் அவை எவ்வாறு இயங்கும் என்று கணித்தறிவதே அண்ணனின் ஆய்வு. இவ்வாறு அமைப்பதை அவர்கள் ‘மாதிரியுரு’ என்பர்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது கடதாசித் துண்டொன்றிலே முடிந்துவிடும் கணக்கு. இருநூறு லீற்றர் நீரை 27 பாகையிலிருந்து 57 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 7 கிலோவாற்று மணி, அதாவது மின்கட்டணப் பட்டியலின் மொழியில் 7 அலகு வெப்பம் வேண்டும். கொழும்புப் பகுதியில் ஒரு சதுர மீற்றர் நிலத்தின்மீது நாளொன்றுக்குச் சராசரியாக 5 அலகு அளவில் வெயில் விழுகிறது. அதிற் பாதியைத் தட்டு பிடித்துக் கொடுக்குமாயின், மூன்று சதுர மீற்றர் ஏழரை அலகு தரும். தேவை ஏழு, வரவு ஏழரை. இதற்கு எதற்குக் கணனி என்று கேட்டேன். அண்ணன் சிரித்துவிட்டு, “அந்த ஏழரையும் மத்தியானத்தில வருது. நீ எத்தனை மணிக்குக் குளிக்கிற?” என்றார்.

இந்த ஒரு கேள்வியிலே முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. அகப்பொருள் இலக்கணம் பயின்றோர் சிறுபொழுதுகளை அறிவர். அவை ஐந்தென்பாரும் ஆறென்பாரும் உளர். ஆறென்று கொண்டால் காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என நான்கு நான்கு மணி நேரமாக ஒரு நாள் பிரியும். வரவு பெரும்பாலும் நண்பகலுக்கு உரியது. செலவோ மாலைக்கும் வைகறைக்கும் உரியது. இடையில் நிற்பது தாங்கி. எற்பாட்டிலே நிரம்பிய வெப்பத்தை மாலையின் கைகளுக்குத் தப்பவைத்து, யாமத்தின் ஊடாகக் கடத்தி, வைகறையிற் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதன் தொழில். எங்கள் விரிவுரையாளர் ஒவ்வொரு திணைக்கும் ஒரு பொழுது உரியதெனக் கற்பித்தபோது அதனை உணர்ச்சிக்கு உரியதாக மட்டுமே கேட்டிருந்தேன். வெப்பத்துக்கும் உரிய பொழுது உண்டு.

இதனை முதலில் வணிகமாக்கியவர் கலிபோர்னியாவின் வில்லியம் பெய்லி என்பவர். அதற்கு முன்னர், 1891 இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் கெம்ப் விற்ற வெந்நீர்க் கருவியில் தாங்கியே வெயிலிற் கிடந்தது. கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கரிய தாங்கி. பகலில் நன்கு சுடும், இரவில் ஆறிவிடும். எங்கள் வீடுகளில் குழந்தையைக் குளிப்பாட்டுவதற்காக முற்றத்து வெயிலில் வைக்கும் அண்டாவின் உறவினர்தான் அது. பெய்லி 1909 இல் தட்டை வேறாகவும் தாங்கியை வேறாகவும் பிரித்து, தாங்கியை வெப்பம் கடத்தாப் பொருளாற் போர்த்தி வீட்டுக்குள் வைத்தார். தமது கருவிக்கு அவர் இட்ட பெயர் ‘பகலும் இரவும்’ என்பது. விளம்பரப் பெயர்கள் பொதுவாக எனக்கு உவப்பானவையல்ல. இது பொருளறிந்து இட்ட பெயர்.

பெய்லிக்குக் கணனி இல்லை. செய்து பார்த்து அறிந்தார். அரை நூற்றாண்டுக்குப் பின்னர் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துச் சூரிய சக்தி ஆய்வுகூடத்தில் டஃபி, பெக்மன், கிளைன் முதலியோர் வேறு வழியிற் சென்றனர். தட்டு, தாங்கி, குழாய், பம்பி ஒவ்வொன்றையும் தனித்தனிக் கணிதத் துண்டாக எழுதி, வேண்டியவாறு அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி ஓட்டத்தக்க செய்நிரலொன்றை 1975 இல் வெளியிட்டனர். ட்ரான்சிஸ் எனப்படும் அச்செய்நிரல், பல திருத்தங்களோடு இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. அக்காலத்தில் கணனி எல்லாருக்கும் வாய்க்கவில்லை. ஆதலால், செய்நிரலைப் பன்முறை ஓட்டிப் பெற்ற விடைகளைப் பிழிந்து, கையாலேயே கணித்துக்கொள்ளத்தக்க வரைபட முறையொன்றையும் 1976 இல் அவர்களே தந்தனர். தாம் பெற்றதைக் கருவியற்றவனுக்கும் எட்டச்செய்த அந்த இரண்டாம் வேலையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி, தாங்கிக்குள்ளே நடப்பதைப் பார்ப்போம். கணனியின் தேவை இங்குதான் புலப்படுகிறது. மாலையில் ஐவர் குளிக்கின்றனர் என்று கொள்வோம். ஆளுக்கு 30 லீற்றர் சுடுநீரை எடுத்துத் தண்ணீரோடு கலந்தால் 40 பாகையில் எழுபது லீற்றர் அளவிலான நிறைவான குளியல் கிடைக்கும். ஐவரும் எடுத்தது 150 லீற்றர். எடுத்த அளவு தண்ணீர் அடியால் வந்து தாங்கியை நிரப்பிவிடும். வெந்நீரும் தண்ணீரும் முற்றாகக் கலந்துவிட்டால் தாங்கி முழுவதும் 34 அல்லது 35 பாகையில், எவருக்கும் பயனின்றி, வெதுவெதுவென்று கிடக்கும். கலவாமல் வெந்நீர் மேலும் தண்ணீர் கீழுமாக அடுக்கடுக்காக நின்றால், மேலே 50 லீற்றர் ஏறத்தாழ 57 பாகையிலேயே எஞ்சும். இரு நிலையிலும் உள்ள வெப்பம் ஒன்றே. ஒன்றில் இன்னொருவர் குளிக்கலாம். மற்றதிற் குளிக்க இயலாது. எனவே செய்நிரல் தாங்கியைப் பத்துப் படைகளாக வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு படைக்கும் வந்த வெப்பம், போன வெப்பம், அயற்படைக்குக் கசிந்த வெப்பம் என்று கணக்கு வைக்கிறது. ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் சலியாமல் வைக்கிறது. நன்கு போர்த்த தாங்கி ஓரிரவில் இழப்பது மூன்று பாகை அளவே என்பதையும் அது காட்டியது. ஆகவே வைகறையின் எதிரி யாமத்துக் குளிரன்று. மாலையிற் குழாயைத் திறப்பவர்களே.

அவர்கள் எப்போது திறக்கிறார்கள் என்பதைக் கணனி அறியாது. வெயிலுக்கும் காற்றின் வெப்பநிலைக்கும் அளந்து வைத்த தரவுகள் உள. தட்டுக்கும் தாங்கிக்கும் ஆய்வுகூட எண்கள் உள. குளிப்பவருக்கு மட்டும் அண்ணனிடம் எண் இல்லை. குளிர்நாட்டுக் குடும்பங்களைக் கொண்டு வரைந்த பட்டியலொன்று நூல்களில் உண்டு; ஏழு மணிக்கு இவ்வளவு, எட்டு மணிக்கு இவ்வளவு என்று. ஒரு நாளில் இருமுறை குளிக்கும் நம்மவருக்கு அது பொருந்துமா? “நீங்க ஆர்ட்ஸ் ஆட்கள், மனிசரைப் பற்றித்தானே படிக்கிறீங்க” என்று கூறி, நாற்பது தாள் கொப்பியொன்றை அண்ணன் என் கையிற் கொடுத்தார். கேலிதான். ஆயினும் கேட்ட வேலை பொருத்தமான வேலை.

இரண்டு கிழமை எழுதினேன். பெரியப்பாவும் சித்தப்பாவும் கந்தோர் விட்டுக் காலி வீதி நெரிசலில் பேருந்திற் புழுங்கி வந்ததும் குளித்தனர். தங்கை பிரத்தியேக வகுப்பு முடிந்து எட்டு மணிக்கு. அண்ணன் ஒன்பதுக்குப் பின். நான் அவருக்கு முன். ஐந்து பேரின் குளியலும் மாலை ஆறரைக்கும் இரவு பத்துக்கும் இடையில் விழுந்தன. மின்சார சபை உச்சக் கேள்வி நேரம் என்று வகுத்துள்ள ஆறரைக்கும் பத்தரைக்கும் இடைப்பட்ட காலமும் அதுவேயாகும். கூரையில் தாங்கி இல்லாத வீடுகளில் மின்வெந்நீர்க் கருவிகள் இழுக்கும் நேரமும் அதுதான். நாட்டின் நிலையும் எங்கள் வீட்டுத் தாங்கியின் நிலையும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டில் இருந்த அதே நாடு, 2025 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைமீது சூரிய மின்தகடு வைத்திருந்தோரைப் பகலில் அவற்றை நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகளும் கந்தோர்களும் மூடியிருந்தன. நண்பகல் மின்னை வாங்க ஆளில்லை. இருளும்போது வேண்டும், உச்சிவேளையில் வேண்டாம். மின்னைத் தேக்கும் மின்கலவடுக்குகள் விலையுயர்ந்தவை. இருநூறு லீற்றர் நீரோ ஏழு அலகை எவ்வித ஆரவாரமுமின்றி வைத்திருக்கும். வெந்நீராக வேண்டப்படுவதை வெந்நீராகவே தேக்குவதன் பொருத்தம் இதுவே.

கொப்பியில் ஐந்து பெயர்களே இருந்தன. வீட்டிலோ நாங்கள் அறுவர். பெரியம்மா நாலரை மணிக்கு எழுந்து, சாமியறைக்கு விளக்கேற்றுவதற்கு முன் பின்புறத்துத் தொட்டியில் நிறைத்து வைத்த தண்ணீரை வார்த்துக்கொள்வார். சுடுநீர்க் குழாயை அவர் தொட்டதேயில்லை. ஆதலால் அவருக்கு நேரே இரண்டு கிழமையும் சுழியம். தண்ணீர்தான் அவருக்குப் பழக்கம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். அவரிடமே கேட்டேன். “விடிய நான் திறந்தா, புள்ளைகளுக்கு இல்லாமப் போயிருமே” என்றார். எடுக்காததனால் தேவையில்லை என்று செய்நிரல் கொள்ளும். அளந்து எழுதியவள் நான். அளந்ததில் ஒரு பொய்யும் இல்லை. எனினும் அந்தச் சுழியம் உண்மையைச் சொல்லவில்லை.

அண்ணனிடம் கூறியபோது அவர் வாதாடவில்லை. வைகறை நாலரைக்கு முப்பது லீற்றர் என்று ஆறாவது வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டினார். தாங்கியின் மேற்படைகளில் அந்நேரத்தில் 54 பாகை அளவில் ஐம்பது லீற்றர் எஞ்சியிருந்தது. பெரியம்மாவுக்கும் உண்டு, அதற்குப் பின்னும் மிச்சம் உண்டு. தொடர்ந்து முகிலிட்ட நாட்களில் மட்டும் இல்லை. அந்த வரைபடத்தைப் பெரியம்மாவிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். இப்போது மூட்டுவலி உள்ள நாட்களில் மட்டும் அக்குழாயைத் திறக்கிறார்.

கணனியின் சொல் பொய்க்காத பெரிய எடுத்துக்காட்டொன்று கனடாவில் உண்டு. எங்கள் உறவினர் பலர் குடியேறிய நாடாதலால் அங்குள்ள குளிரைப் பற்றி நாங்கள் கேள்விப்படாத நாளில்லை. அல்பேர்ட்டா மாகாணத்தில், கல்கரிக்குத் தெற்கே ஒக்கொடொக்ஸ் என்னும் ஊரில், டிரேக் லாண்டிங் என்று 52 வீடுகள் கொண்ட குடியிருப்பு. வாகனக் கொட்டகைகளின் கூரைகளில் ஏறத்தாழ 800 தட்டுகள். கோடையில் அவை ஈட்டிய வெப்பத்தை, நிலத்தில் 35 மீற்றர் அளவு ஆழமாகத் துளைத்த 144 துளைகளின் வழியே மண்ணுக்குள் இறக்கினார்கள். பனிக்காலத்தில் அதனையே மீட்டு வீடுகளைச் சூடாக்கினார்கள். கோடை வெயிலை மார்கழிக்குக் கடத்தும் தாங்கி, மண்ணேதான். 2007 இல் இயங்கத் தொடங்கிய இத்திட்டம் ட்ரான்சிஸ் செய்நிரலைக் கொண்டு வடிவமைக்கப்பட்டது. மண் மெல்லச் சூடேற வேண்டும், ஐந்தாம் ஆண்டளவில் வீடுகளின் வெப்பத் தேவையில் நூற்றுக்குத் தொண்ணூறு வெயிலால் நிறைவேறும் என்று செய்நிரல் முன்கூட்டியே சொன்னது. அவ்வாறே ஆயிற்று, 2015–16 பனிக்காலத்தில் நூற்றுக்கு நூறும் கிட்டியது. ஆயினும் உறுப்புகள் பழுதுபட, அவற்றை மாற்றுவது கடினமாக, 2024 இல் இத்திட்டத்தைக் கைவிட முடிவாயிற்று. வெப்பத்தைக் கணித்தவர்கள் செம்மையாகவே கணித்தார்கள். பழுதுபார்க்கும் கையையும் மாற்றுறுப்பு கிடைக்கும் கடையையும் அக்கணிப்பு கேட்கவில்லை.

இத்தகைய நினைவுகளோடுதான் என் ஊரைப் பற்றி அண்ணனிடம் கேட்டேன். கல்கிசையில் வெந்நீர் ஓர் இன்பம். இல்லாவிடினும் எவரும் வருந்தார். இங்கே குழாய்த் தண்ணீரே 27 பாகை. செய்நிரலிற் கல்கிசைத் தரவை நீக்கிவிட்டு நுவரெலியாப் பக்கத்து நிலையை இட்டுப் பார்த்தோம். அங்கே நீர் 15 பாகை. 40 பாகைக்கு உயர்த்த இங்கே 13 பாகை போதும், அங்கே 25 வேண்டும். எழுபது லீற்றர்க் குளியல் இங்கே ஓர் அலகு, அங்கே இரண்டு. பனிமூட்டத்தால் வெயில் குறைவு. சுற்றுக்காற்றுக் குளிராதலால் தட்டும் தாங்கியும் இழப்பது அதிகம். தேவை இரட்டிக்கும் இடத்தில் வரவு சுருங்குகிறது. தட்டைப் பெருக்கிச் சரிசெய்யலாம் என்றார் அண்ணன். சரிசெய்யலாம், கூரை நம்முடையதாயின். லயத்துக் கூரை அதன்கீழ் வாழ்பவருக்கு உரியதன்று. அதில் ஒரு தகரத்தை மாற்றுவதற்கும் துரையிடம் கேட்க வேண்டும். கூரை யாருடையது என்ற கேள்விக்கு எந்தச் செய்நிரலிலும் இடமில்லை. சதுர மீற்றர் எத்தனை என்றே கேட்கும்.

என் அப்பாயி இன்றும் விறகடுப்பிலேதான் குளிநீர் காய்ச்சுகிறார். உலர்ந்த விறகு கிலோவொன்றில் நான்கு அலகு அளவு வெப்பம் உண்டு. திறந்த அடுப்பு அதில் ஆறிலொரு பங்கைத்தான் பாத்திரத்துக்குக் கொடுக்கும். மிச்சம் புகையாகவும் சூடாகவும் அறைக்குள் நிறையும். அந்த இரண்டு அலகுக் குளியலுக்கு மூன்று கிலோ விறகு வேண்டும். அது மலைச்சரிவில் பொறுக்கப்பட்டுத் தலையில் வருவது. லயத்துக்குக் கீழேயுள்ள தொழிற்சாலையிலோ கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் விறகு எரிந்தபடி இருக்கும். நீலகிரியில் குன்னூர்ப் பகுதித் தொழிற்சாலைகள் சிலவற்றின் கூரைகளில் 1990களில் வளியைச் சூடாக்கும் தட்டுகள் பொருத்தப்பட்டு, ஒரு தொழிற்சாலையில் எரிபொருள் காற்பங்களவு மிஞ்சியது என்று படித்தேன். தேயிலைக்குச் செய்யக்கூடியதைத் தேயிலை பறிப்பவருக்கும் செய்யக்கூடும் என்பதற்குப் பொறியியலில் தடையொன்றும் இருப்பதாக அண்ணன் கூறவில்லை.

டிசெம்பர் விடுமுறைக்கு அக்கொப்பியின் மிச்சத் தாள்களோடு ஊருக்குப் போனேன். கல்கிசையில் நான் வரைந்த கட்டங்கள் அங்கே உதவவில்லை. பன்னிரண்டு காம்பிராக்களுக்கு ஒரு பீலி. குளிக்க விரும்பும் நேரம் வேறு, பீலியில் முறை கிடைக்கும் நேரம் வேறு, விறகு உள்ள நாள் வேறு. மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வரைய வேண்டியதாயிற்று. சுடுநீர் தாங்கியிலேயே இருந்தால் எத்தனை மணிக்குக் குளிப்பீர்கள் என்று அப்பாயியைக் கேட்டேன். அவர் மணியைச் சொல்லாமல், “எத்தன வாளி வரும்?” என்றார். தாங்கியில் எஞ்சும் ஐம்பது லீற்றரை அவ்வூர்த் தண்ணீரோடு கலந்து மனத்துக்குள் கணக்கிட்டு, எட்டு வாளி என்றேன். அப்பாயி விரல்மடக்கி எண்ணத் தொடங்கினார். பிள்ளைபெற்று இருபது நாளான அடுத்த காம்பிராக்காரிக்கு மூன்று. இளைப்பு நோயுள்ள கிழவருக்கு இரண்டு. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று. ஒன்று மிஞ்சியது. அதனைத் தமக்கென்று சொல்வாரோ என்று பார்த்தேன். “வைச்சிரு, பிறகு பாப்பம்” என்றார். அவர் சொன்ன வரிசையிலேயே எழுதிக்கொண்டேன். செய்நிரலுக்கு நேரமும் வேண்டுமாதலால், காம்பிராக் காம்பிராவாகச் சென்று அவர்கள் எழும் நேரத்தைக் கேட்டு ஒவ்வொரு வாளிக்கும் நேரே குறித்தேன். எட்டாவது வாளிக்கு நேரே மட்டும் கட்டம் வெறுமையாக உள்ளது.